சாயங்காலத்தில் மட்டும் கோணிய கால்

போன மாதம் நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் எங்கள் பிசியோதெரபி பிரிவில் வேலைக்குச் சேர்ந்த பெண். எம்.பி.டி. மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம். நுழைவுத் தேர்வே மாறப்போகிறது என்று ஒருவர் சொல்கிறாராம், பாடத்திட்டம்தான் மாறுகிறது என்று இன்னொருவர் சொல்கிறாராம், ஒன்றும் மாறாது பேசாமல் படி என்று வேறொருவர் சொல்கிறாராம். எலும்பு மூட்டு, நரம்பு, இதயம், விளையாட்டு என்று இருக்கும் பிரிவுகளில் எதை எடுப்பது என்றும் புரியவில்லையாம்.

"மேடம், நீங்க ஏன் நியூரோ எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு போனை வைத்துவிட்டேன். உண்மையில் அதற்கான பதில் எனக்கும் தெரியாது. இத்தனை வருடம் வேலை பார்த்தும் எனக்குத் தெளியாத விஷயங்களில் அது ஒன்று. மற்றொன்று செல்வி என்ற மீன்காரப் பெண்ணின் கால். இரண்டும் ஒரே படிப்புக் காலத்தில் நடந்தவை என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் பிறந்தது வளர்ந்தது திருவொற்றியூரில். இளங்கலை முடித்த கையோடு எண்ணூர் சாலையில் ஒரு சின்ன கிளினிக்கில் சேர்ந்து அங்கேயே வெகுகாலம் இருந்துவிட்டேன். வந்தவர்கள் எல்லாம் உடம்பால் பிழைக்கிறவர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு பிடித்தவர்கள், வெல்டிங் வேலையில் கழுத்து இறுகியவர்கள், வியாசர்பாடியிலிருந்து பந்தாடி முட்டி போன பையன்கள். என் பெயர் கலாவதி என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. "கரண்ட் வெக்கற அம்மா" என்றுதான் சொல்வார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் எலும்பு, தசை, மூட்டு. அதில் ஒரு நிம்மதி உண்டு. வலிக்கிற இடத்தை அவர்களே விரலால் காட்டிவிடுவார்கள்.

பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் மேல்படிப்பு ஆசை வந்தது. ஆசை என்றுகூடச் சொல்லக்கூடாது. எனக்குக் கீழே வேலைக்கு வந்த பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்ட வார்த்தைகள் எனக்குப் புரியாமல் போக ஆரம்பித்தன. அந்தக் கூச்சத்தில்தான் நுழைவுத் தேர்வு எழுதினேன். தேறிவிட்டேன்.

எலும்பு மூட்டுப் பிரிவு என்று முடிவு செய்துதான் கவுன்சலிங்குக்குப் போனேன். பெரிய கூடம். முன்னால் ஒரு திரையில் ஒவ்வொரு கல்லூரியிலும் மீதமிருக்கும் இடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. சுற்றிலும் என் மகளைவிடக் கொஞ்சம் மூத்த பிள்ளைகள், பக்கத்தில் அவர்களுடைய பெற்றோர். ஒரு அம்மா என்னைப் பார்த்து, "உங்க பொண்ணு எங்கே, டாய்லெட் போயிருக்கா?" என்று கேட்டார். நான்தான் சேர வந்திருக்கிறேன் என்று சொல்லத் தைரியம் வராமல் தலையாட்டிவிட்டேன்.

என் பெயரைக் கூப்பிட்டு நான் மேஜை வரை நடந்து போவதற்குள், ராயபுரத்துக் கல்லூரியில் எலும்பு மூட்டுப் பிரிவின் கடைசி இடம் திரையிலிருந்து மறைந்தது. வீட்டை விட்டு வேறு ஊர் போய்ப் படிக்க வழியில்லை.

"நியூரோ இருக்கு, கார்டியோ இருக்கு. சீக்கிரம் சொல்லுங்கம்மா, பின்னால ஆள் நிக்கறாங்க" என்றார் மேஜையில் இருந்தவர்.

"நியூரோ" என்று என் வாய் சொன்னது. ஏன் அப்படிச் சொன்னது என்று பலமுறை யோசித்துவிட்டேன். இதயம் என்றால் பயம், நரம்பு என்றால் அந்த அளவுக்குப் பயமில்லை, அவ்வளவுதான் காரணமாக இருக்க முடியும்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் மணலியில் ஒரு தொழிற்சாலையில் இருந்தார்.

"நியூரோன்னா மூளையா?"

"மூளை, தண்டுவடம், நரம்பு எல்லாம்."

"நம்ம வூட்ல யாருக்கும் இல்லாத சமாச்சாரமாச்சே, கலா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

முதல் வருடம் எப்படிப் போனது என்று கேட்டால், மூடுபனியில் பஸ் ஓட்டியது மாதிரி என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஆராய்ச்சி முறைகள், புள்ளியியல், உடற்பயிற்சி உடலியங்கியல், உயிர் இயக்கவியல். இளங்கலையில் ஒரு நோய்க்கு ஒரு பக்கம், அதற்கு ஒரு சிகிச்சை. இங்கே ஒரு நோய்க்குக் கட்டுக்கட்டாக ஆய்வுக் கட்டுரைகள், அவற்றில் ஒன்று சொல்வதை இன்னொன்று மறுத்தது. நான் பல வருடங்களாக நம்பிச் செய்துவந்த ஒரு பயிற்சியை ஒரு கட்டுரை பிரமாதம் என்றது, அடுத்தது பயனில்லை என்றது, மூன்றாவது மேற்கொண்டு ஆய்வு தேவை என்று முடித்தது. வகுப்பில் இருந்த சின்னப் பிள்ளைகள் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குத்தான் என்னிடம் வந்துபோன அத்தனை முதுகுகளும் கண்முன் வந்து நின்றன. அவர்களுக்குச் சரியானது எதனால்? நான் செய்ததாலா, தானாகவேவா?

இதை எங்கள் பேராசிரியர் எட்வர்டிடம் ஒருநாள் கேட்டேன். "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெலிந்த மனிதர். குரல் பக்கத்து நாற்காலியைத் தாண்டாது. நோயாளியைத் தொடுவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் சூடு வரும்வரை தேய்ப்பார். ஸ்கேன் படத்தை முதலில் பார்க்கவே மாட்டார். நோயாளி கதவைத் திறந்து உள்ளே வருவதிலிருந்து பார்க்க வேண்டும், அதுவும் பின்னால் நின்று பார்க்க வேண்டும் என்பார். செருப்பைக் கழற்றச் சொல்லி அதைத் தன் கையில் எடுத்து, எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று திருப்பிப் பார்ப்பார். அவர் அதைச் செய்யும்போது நோயாளிகள் பதறிப் போவார்கள். "அய்ய, அத்த போயி தொடறியே சார்" என்று பிடுங்கப் பார்ப்பார்கள். பிறகு நடக்கச் சொல்வார். மெதுவாக, வேகமாக, திரும்பி, குதிகாலில், நுனிக்காலில். அதன் பிறகுதான் படுக்க வைத்துத் தசையின் இறுக்கம், பலம், சுத்தியலால் அனிச்சைச் செயல்.

பரிசோதனை முடிந்து நாங்கள் வாயைத் திறந்தால் அவருடைய கேள்வி ஒன்றுதான். "அது நீங்க பார்த்ததா, நினைச்சதா?" இரண்டையும் கலந்து பேசினால் கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். கோபப்பட மாட்டார். நாம் பிரித்துச் சொல்லும்வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு கோபத்தைவிட மோசம்.

இரண்டாம் வருட ஆரம்பத்தில் செல்வி வந்தாள். மனநலப் பிரிவிலிருந்து எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். முப்பதைத் தொட்ட வயது, மூக்குத்தி, ஈரம் காயாத புடவை ஓரம். விடியலில் காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, மதியம் தொடங்கி மாலைவரை வண்ணாரப்பேட்டையில் தெருவோரம் வைத்து விற்கிறவள். கணவன் விசைப்படகில் போய் ஆழ்கடலில் தங்கி வருகிறவன். கூட வந்தவர் அவளுடைய மாமியார் தனம்மா. பேசியது அவர்தான்.

"சாய்ந்தரம் ஆனா இவ வலது காலு உள்பக்கம் கோணிக்குதாம். நடக்க முடியலயாம். காலைல ஏலத்துல பார்க்கணும் நீ, கூடைய தலைல வெச்சுகினு இன்னா ஓட்டம் ஓடறா தெரியுமா? வூட்டாண்ட வந்து அடுப்புகிட்ட குந்தச் சொன்னாத்தான் காலு கோணும்."

"எத்தனை டாக்டருங்களைப் பார்த்தீங்க?" என்று கேட்டேன்.

"பார்க்காத டாக்டரு இல்ல. தர்காவுல தாயத்து கட்டியாச்சு, மாதா கோயில்ல மெழுவத்தி ஏத்தியாச்சு, அம்மனுக்குக் கூழு ஊத்தியாச்சு. டாக்டருங்க அல்லாரும் ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. ஒண்ணும் இல்லன்னா இன்னா அர்த்தம், நீயே சொல்லு."

செல்வி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலை நேரம். பேராசிரியர் சொல்லிக் கொடுத்த வரிசைப்படி எல்லாம் செய்தேன். நடக்கச் சொன்னேன், நன்றாக நடந்தாள். நுனிக்காலில் நடந்தாள். பலம் சரி, இறுக்கம் இல்லை, உணர்ச்சி சரி. முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டியபோது கால் கொஞ்சம் வேகமாகத் துள்ளியது போலிருந்தது. இருந்ததா, நான் நினைத்துக்கொண்டேனா? செருப்பைத் திருப்பினேன். புதுச் செருப்பு. பழசு பிய்ந்துவிட்டதாம்.

"ஆக்டிங்தான்க்கா" என்றான் கூடப் படித்த பையன் ஒருவன், அவர்கள் போன பிறகு. பேராசிரியரிடம் போனேன்.

"எனக்கு ஒண்ணும் புரியல சார். எல்லாம் சரியா இருக்கு."

"காலைல சரியா இருக்குன்னு சொல்லுங்க. அதுதான் நீங்க பார்த்தது" என்றார்.

வாராவாரம் காலையில் அவளை வரச்சொல்லி, கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சிகளும் சமநிலைப் பயிற்சிகளும் கொடுத்தேன். வெளிநோயாளிப் பிரிவு மதியத்தோடு மூடிவிடும், அவளுக்கும் மாலையில் வியாபாரம். அதனால் அவளை எல்லா மருத்துவர்களும் காலையில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். இப்போது எழுதும்போது இது எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது! அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு மாலை, மகனுக்குச் சட்டைத் துணி எடுக்க வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். மெட்ரோ வேலைக்காகத் தெருவைத் தோண்டித் தகரத் தடுப்பு வைத்திருந்தார்கள். ஓரத்தில் மீந்த ஒடுக்கமான வழியில் ஜனங்கள் இடித்துக்கொண்டு போனார்கள். எதிர்ப்பக்கம் செல்வி உட்கார்ந்திருந்தாள். மீன் விற்றுவிட்டது போலிருக்கிறது, மீன் வைக்கும் அலுமினிய அன்னக்கூடையைக் காலியாக எடுத்துக்கொண்டு எழுந்தாள். கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

வலது பாதம் உள்பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தது. குதிகால் தரையில் படவில்லை. பாதத்தின் வெளி ஓரத்தில் நின்று, தகரத்தை ஒரு கையால் பிடித்து, ஒவ்வோர் அடியையும் இழுத்து இழுத்து வைத்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவளும் யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கவில்லை. சற்றுத் தூரம் போய் நின்று மூச்சு வாங்கினாள். பிறகு ஒரு காரியம் செய்தாள். போகிற திசைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு பின்பக்கமாக நடந்தாள். பாதம் நேராக விழுந்தது. தகரத்தைப் பிடிக்காமலே விறுவிறுவென்று பின்னாலேயே போனாள்.

"இன்னாம்மே, ரிவர்ஸ்ல வர்றே? கண்ணு கீதா இல்லியா?" என்று ஒரு ஆள் திட்டினான்.

"நீ நகர்ந்து போயேன்" என்று அவளும் திட்டினாள்.

முன்னால் நடக்க முடியாதவள் பின்னால் எப்படி நடப்பாள்? கால் ஒன்றுதானே, தசை ஒன்றுதானே? நடிப்பு என்றால் யாருக்காக? துணி எடுக்காமலே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் பேராசிரியரிடம் சொன்னேன். வழக்கமான கேள்வி வந்தது.

"பார்த்தேன் சார். நினைக்கறதுக்கு எனக்கு ஒண்ணுமே இல்ல."

"வியாபாரம் முடிச்சு சாயங்காலம் வரச்சொல்லுங்க, நான் இருக்கேன்" என்றார்.

வந்தாள். தனம்மாவும் வந்தார். செல்வியால் கதவிலிருந்து கட்டில்வரைகூட நேராக வர முடியவில்லை. பேராசிரியர் கடிகாரத்தைக் கழற்றினார், கைகளைத் தேய்த்தார், முறுக்கிய பாதத்தைப் பிடித்து வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார். முன்னால் நடக்கச் சொன்னார், பின்னால் நடக்கச் சொன்னார். கடைசியில், "ரொம்பக் களைப்பா இருக்கீங்களே, கொஞ்சம் படுங்க" என்றார். அவள் படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள். விடியலுக்கு முன்னால் எழுந்த பெண். நாங்கள் எழுப்பவில்லை.

தானாக விழித்து, பதறி எழுந்து, "அத்தை, நேரமாச்சு" என்றபடி நடந்தாள். நேராக நடந்தாள். பாதம் முழுவதும் தரையில் பதிந்தது.

"பார்த்தியா! பார்த்தியா!" என்று தனம்மா கத்தினார். "தூங்கினா காலு சரியாப்பூடுமா? இது இன்னா வியாதி?"

நான் பேராசிரியரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குப் புரியலம்மா" என்றார் தனம்மாவிடம், அதே மெல்லிய குரலில். "ஆனா உங்க மருமகளுக்கு ஒண்ணும் இல்லைன்னு இனிமே யாரும் சொல்ல முடியாது."

ஒரு பேராசிரியர் நோயாளியின் மாமியாரிடம் தனக்குப் புரியவில்லை என்று சொன்னதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அதைக் கேட்டு நிம்மதியாக இருந்ததா, பயமாக இருந்ததா என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவரே நரம்பியல் மருத்துவர் ஷாகிதாவிடம் பேசி, செல்வியையும் என்னையும் அழைத்துப் போனார். அந்த அம்மா செல்வியிடம் யாரும் கேட்காததைக் கேட்டார். சின்ன வயதில் எப்படி இருந்தது?

"பள்ளிக்கூடத்துல சாய்ந்தரம் டிரில்லு இருக்கும் டாக்டர். ஓடறப்போ கால் பின்னிகினு உழுவேன். டிரில் டீச்சர் அடிப்பாங்க, வேணும்னே உழுவுறேன்னு. கொயந்த பொறந்ததுக்கு அப்புறம் ஜாஸ்தி ஆயிடிச்சு."

ஷாகிதா எங்களைப் பார்த்தார். "அபூர்வமா ஒரு வியாதி உண்டு. மூளையில ஒரு ரசாயனம் குறைவா ஊறும். தூங்கினா கொஞ்சம் சேரும், வேலை செய்யச் செய்யத் தீர்ந்துபோகும். தீர்ந்தா கால் முறுக்கிக்கும், ஆனா சிலருக்குப் பின்னால நடந்தா முறுக்காது. இது அதுதானான்னு நிச்சயமா சொல்ல மாட்டேன். வயசானவங்களுக்கு நடுக்கத்துக்குக் கொடுக்கற மாத்திரையைக் கொஞ்சமா கொடுத்துப் பார்ப்போம். கேட்டுச்சுன்னா அதுதான். கேட்கலைன்னா வேற தேடணும்."

எனக்கு இது தலைகீழாகப் பட்டது. நோயைக் கண்டுபிடித்துவிட்டு மருந்து கொடுப்பார்கள் என்றுதான் படித்திருந்தேன். மருந்தைக் கொடுத்து நோயைக் கண்டுபிடிக்கலாம் என்று எந்த வகுப்பிலும் என் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் புரிந்திருக்காது.

மாத்திரை கேட்டது. அடுத்த முறை செல்வி வந்தது ஒரு சாயங்காலம். துறைமுகத்து லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டிருந்ததால் பஸ்ஸை விட்டு இறங்கி, ராயபுரம் பாலத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். பின்னால் தனம்மா மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். செல்வி எங்கள் கூடத்தின் நீளத்துக்கு நடந்து காட்டினாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். ஒரு துளிக் கோணல் இல்லை. கூடப் படித்த சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள். பேராசிரியர் குனிந்து அவள் செருப்பைப் பார்த்தார்.

"அப்போ நான் இத்தனை மாசம் கொடுத்த பயிற்சி எதுக்கு சார்?" என்று அவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"தெரியல கலா. நிறுத்திட வேண்டாம். தொடரட்டும்" என்றார்.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், செல்வியைத் தவிர. கட்டிலில் உட்கார்ந்து தன் வலது பாதத்தைத் தூக்கி இடது தொடைமேல் வைத்துக்கொண்டு, அது வேறு யாருடையதோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்போ நான் நடிக்கலியாம்மா?" என்று கேட்டாள்.

"இல்ல செல்வி. நிஜமான வியாதி."

"எனக்கு இன்னா தெரியும்?" என்று தனம்மா குறுக்கிட்டார். "டாக்டருங்களே ஒண்ணும் இல்லன்னா..."

"உன்ன கேக்கல அத்தை. இவங்கள கேக்கறேன்." அவள் என் பக்கம் திரும்பினாள். "சின்ன வயசுலேர்ந்து அல்லாரும் நடிக்கிற நடிக்கிறன்னாங்க. அப்பால நானே நடிக்கறேனோன்னு நெனச்சுகினேன். ஆனா ஒண்ணு சொல்றேன். சில நாளு காலு நல்லாத்தான் இருக்கும். வேல செய்யப் புடிக்காது. அப்போ நானே கால மடக்கிகினு குந்திகினு இருப்பேன். முடியலன்னு சொல்லுவேன். அது நடிப்புதானே? எது நெசம், எது நடிப்புன்னு எனக்கே தெர்லம்மா. மாத்திர போட்டா அதுவும் போய்டுமா?"

அவள் கேலிக்குக் கேட்கவில்லை. கண் கலங்கியிருந்தது. நான் படித்த எந்தப் பாடத்திலும் இதற்கு இடமில்லை. பேராசிரியரைத் தேடினேன், அவர் மறுபக்கம் போயிருந்தார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"எங்க வீட்டுக்கு என் நாத்தனார் வந்தா எனக்குத் தலைவலி வரும். பாதி நாள் நிஜமா வரும். பாதி நாள் வரவெச்சுப்பேன். எனக்கு அதுக்கு மாத்திரை கிடையாது."

செல்வி என்னை நம்பாமல் பார்த்தாள். தனம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு தடவை கனைத்தார்.

"என் மாமியாக்காரி இருந்தாளே," என்றார் சுவரைப் பார்த்து, "அது கிட்ட நான் இடுப்பு வலின்னு சொல்லிகினு வருசக்கணக்கா தண்ணி தூக்காம இருந்து கீறேன். இடுப்பும் இல்ல, வலியும் இல்ல."

செல்வியின் வாய் திறந்தபடி நின்றது. முதலில் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நடுவில் அழுதாள், மறுபடி சிரித்தாள். தனம்மா, "அய்ய, இதுல இன்னா சிரிப்பு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாசல்வரை அவர்களோடு போனேன். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. ஷேர் ஆட்டோ நிற்கும் முனை கொஞ்சத் தூரம். செல்வி முன்னால் போய்க்கொண்டிருந்தாள், அன்னக்கூடை இடுப்பில், நல்ல வேகம். தனம்மா பின்தங்கிவிட்டார்.

"ஏம்மே, மெள்ள போயேன். எனக்குக் காலு வலிக்குது."

செல்வி நின்று, திரும்பி, தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தாள்.

"நெசமாவா அத்தை?" என்றாள்.